ஒன்பது நிமிடமும் முப்பத்தொரு நிமிடமும்

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டால் எல்லோருக்கும் இடம் இருக்கும். வானம் உறுமத் தொடங்கிவிட்டது. அந்த டீவி பிளக்கைக் கழற்றிவிட்டு நீயும் வந்து உட்காரு தங்கம். மழை கொட்டி ஓய்வதற்குள் ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பேய் இல்லாத கதை, ராஜாவும் இல்லை. ஒரு லெப்டொப், அதற்குள்ளே மூன்று வாசிப்புக்காரர்கள், வெளியே ஒரு சந்தேகம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு பிள்ளையின் பிழைப்பையே தின்னப் பார்த்தது.

பிள்ளையின் பெயர் அனுஷியா. வயது இருபத்திநாலு. எல்கடுவயில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. அம்மா பாப்பம்மா கொழுந்து எடுக்கிறவள். இவள் கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்து, மாத்தளை டவுனில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருடைய ஒபிஸில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழே மசாலாக் கடை, மேலே ஒபிஸ். படியேறும்போதே கறுவாப் பட்டையும் சாதிக்காயும் மூக்கில் ஏறும். மேலே மொத்தம் மூன்று பேர்தான்: ஹாஜியார், அன்ஸாப், இவள். "ஆறு மாசம் பார்ப்போம் புள்ள. கை பழகிட்டா நிரந்தரம்" என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அந்த ஆறாவது மாதம் நவம்பரோடு முடிகிறது.

அங்கே என்ன வேலை என்றால், பள்ளிக்கூடங்களுக்கு நேரசூசி, அதாவது எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்த ஆசிரியர் என்ற பட்டியல், போட்டுக் கொடுப்பது. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். முப்பத்தொரு வகுப்பு, நாற்பத்திரண்டு ஆசிரியர், ஒரே ஒரு விஞ்ஞானக்கூடம். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் விட வேண்டும். சங்கீத டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர். இத்தனையையும் பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் கலைத்து, மறுபடி பொருத்தி, இப்படிக் கோடித் தரம் செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. எழுதியவன் அன்ஸாப்.

அன்ஸாப் டவுன் பிள்ளை, முப்பது வயது, அங்கே நாலு வருடமாக இருக்கிறவன். அதிகம் பேச மாட்டான். அந்தப் புரோகிராமை மூன்று வருடமாக உட்கார்ந்து செதுக்கியிருந்தான். முதலில் மூன்று மணித்தியாலம் எடுத்ததை முப்பத்தெட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தது அவன் கைதான். அனுஷியா அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவாள், அவன் இவளைத் தங்கச்சி என்பான்.

இப்போது வாசிப்புக்காரர்களைச் சொல்கிறேன். அந்தப் புரோகிராம் பைத்தன் என்கிற மொழியில் எழுதியது. மனிதர் கண்ணுக்கு விளங்கும், இயந்திரத்துக்கு விளங்காது. ஆகவே நடுவிலே ஒருவன் நின்று, வரி வரியாக வாசித்து, இதைச் செய், அதை விடு என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் நீதவான் சிங்களத்தில் கேட்பதை நமக்குத் தமிழில் சொல்ல ஒருவர் நிற்பாரே, அது போல. அவனுக்குப் பெயர் இன்டர்பிரட்டர். மொழி ஒன்றுதான், ஆனால் அதை வாசிக்கப் பல பேர் இருக்கிறார்கள்.

பழையவன் ஒருவன். ஒரே வரியை லட்சம் தரம் சந்தித்தாலும் லட்சம் தரமும் புதிதாகவே வாசிப்பான். அவனுடைய புதுப் பதிப்பு இன்னொருவன். அதே ஆள், கொஞ்சம் சுறுசுறுப்பு. மூன்றாவது ஆளுக்குப் பைபை என்று பெயர். அவன் தொடக்கத்தில் மந்தம். எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனித்துக்கொண்டே வருவான். கவனித்து முடிந்ததும், அந்தப் பகுதியை இயந்திரத்தின் சொந்தப் பேச்சிலேயே எழுதி வைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு வாசிப்பு இல்லை, ஓட்டம்தான்.

இந்த ஓட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். பிரின்ஸிபல்மார் பள்ளிக்கூடம் விட்டு, ரெண்டு மணிக்குப் பிறகுதான் டவுனுக்கு வர முடியும். முப்பத்தெட்டு நிமிடம் காத்திருந்து நேரசூசியைக் கையில் வாங்கியதும், "ஐயோ, மெத்ஸ் ஸேர் மூணு நாள் மட்டும்தான் வாரார், அதைச் சொல்ல மறந்துட்டேன்" என்பார்கள். மறுபடி முப்பத்தெட்டு. பிறகு இன்னொன்று ஞாபகம் வரும், இன்னொரு முப்பத்தெட்டு. அதற்குள் ஊருக்குப் போகிற நாலு மணி பஸ் போய்விடும். பிறகு ஒரு வாரம் போய், அடுத்த கிழமைதான்.

ஒக்டோபரில் ஒரு காலை, அன்ஸாப் லீவில் இருந்த நாள், அனுஷியா சும்மா ஒரு யோசனையில் பைபையை இறக்கி, அன்ஸாபுடைய புரோகிராமை அதனிடம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஓடிப்போய் ஹாஜியாரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அன்ஸாப் வந்ததும் ஹாஜியார் அவனிடம் சொன்னார். அவன் நாற்காலியைத் திருப்பாமலே கேட்டான்:

"ஒம்பதா? எந்த ஸ்கூல்? எட்டு வகுப்பு ஸ்கூலா?"

"இல்ல நானா. பிரின்ஸிபல் ஸரீனா மேடத்தோட ஸ்கூல்தான். முப்பத்தொரு வகுப்பு."

"ஆசிரியர் எல்லாரையும் போட்டீங்களா, இல்லாட்டி பாதிப் பேருக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

அவள் முகம் சிவந்துபோனது. ஹாஜியார் இருவரையும் பார்த்தார். "சண்டை வேணாம். ரெண்டு கிழமை சோதிச்சுப் பாருங்க. மூணு பேரையும் ஓட விடுங்க. எழுதி வைங்க. இந்த நவம்பருக்குள்ள, பிரின்ஸிபல் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நேரசூசி வரும்னு காட்டினா, அனுஷியா புள்ளைக்கு நிரந்தர லெட்டர் அன்னைக்கே."

காட்டாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியது.

சோதனையை ஒழுங்காகத்தான் தொடங்கினார்கள். யன்னலோரம் ஒரு லெப்டொப்பை இதற்கென்றே ஒதுக்கினார்கள், வேறு யாரும் தொடக்கூடாது என்று. காலையில் அது அன்ஸாபுக்கு. பழையவனையும் புதுப் பதிப்பையும் அவன் ஓட்டுவான். அந்த நேரம் அனுஷியா பள்ளிக்கூடங்களோடு போனில் பேசி ஆசிரியர் விவரம் எடுக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு லெப்டொப் அவளுக்கு. பைபையை அவள் ஓட்டுவாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே புரோகிராம், ஒரே இயந்திரம். ஒரு சீஆர் கொப்பியில், பெரிய நோட்டுப் புத்தகம் அது, கோடு போட்டு எழுதினார்கள்: தேதி, நேரம், எந்த இன்டர்பிரட்டர், எத்தனை நிமிடம், வேறு என்ன திறந்திருந்தது, ஃபேன் ஓடியதா இல்லையா. ஃபேன் வரைக்கும் எழுதினார்கள், கண்ணுகளா. ஒன்றையும் விடவில்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அன்ஸாப் எழுதினான்: பழையவன் முப்பத்தெட்டு, புதுப் பதிப்பு இருபத்தேழு. பகல் சாப்பிட்டுக் கை கழுவும்போது மலைப் பக்கம் கறுத்து, இடி உறுமியது. நவம்பர் மாதம்தானே, தினம் பின்னேரம் அப்படித்தான். வழக்கம்போல பிளக்குகளைக் கழற்றினார்கள், வைஃபை பெட்டியையும் அணைத்தார்கள், மழை பிடித்தது. அனுஷியா பைபையை ஓட விட்டாள்.

முப்பத்தொரு நிமிடம்.

செவ்வாய் முப்பத்திரண்டு. புதன் மறுபடி முப்பத்தொன்று. ஒன்பது எங்கே போனது? புதுப் பதிப்பே இருபத்தேழில் முடிக்கிறது. பைபை அதற்கும் பின்னால் நொண்டுகிறது. அன்ஸாப் கொப்பியை எட்டிப் பார்த்தான்.

"தங்கச்சி, ஒம்பதுக்கும் முப்பத்தொண்ணுக்கும் கொஞ்சம் தூரம் இரிக்கே."

அவன் சிரித்துச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். சிரிக்காமல் சொன்னான். அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே அவள் யோசிக்கத் தொடங்கினாள். மூன்று வருடம் செதுக்கிய புரோகிராம். நேற்று வந்த ஒருத்தி, ஒரு வரியும் மாற்றாமல், வாசிக்கிற ஆளை மட்டும் மாற்றி, நாலு பங்கு வேகம் காட்டினால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? ஒபிஸில் எல்லா இயந்திரத்துக்கும் கடவுச்சொல் அவனிடம்தான். வைஃபை அணைந்திருந்தாலும், கம்பி வழியாகத் தன் மேசையில் இருந்தே யன்னலோர லெப்டொப்புக்குள் நுழைய அவனால் முடியும்.

சந்தேகம் வந்துவிட்டால் கண் வேறு விதமாகப் பார்க்கும். அவள் பக்கத்தில் போனால் அவன் திரையை மூடுகிறான் என்று தோன்றியது. முன்பும் அப்படித்தான் மூடினானோ என்னவோ, முன்பு அவள் கவனித்ததில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் படியேறி வந்து, யன்னலோர லெப்டொப்பின் மேல் கையை வைத்தாள். சுட்டது. கொப்பியில் அன்றைய தேதியில் ஒரு வரியும் இல்லை.

"காலையிலேயே ஓட்டினீங்களா நானா?"

"இல்லையே" என்றான் அன்ஸாப், யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "இனித்தான்."

பொய். அடுப்பில் வைத்த சட்டியைத் தொட்டவளுக்குச் சூடு தெரியாதா? அன்றைக்குப் பின்னேரம் இடி இடித்ததும் அவரவர் பிளக்கைக் கழற்றினார்கள். அவள் இணையக் கம்பியையும் உருவிவிட்டாள், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி. அப்படியும் முப்பத்தொன்று. அப்படியானால் உள்ளேயே எதையோ புதைத்து வைத்திருக்கிறான், என்று அவள் முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாஜியாரும் அன்ஸாபும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். வெளியே நல்ல வெயில். ஒபிஸில் அவள் மட்டும். பைபையை ஓட்டினாள். ஒன்பது நிமிடம், பத்து விநாடி. நம்ப முடியாமல் மறுபடி ஓட்டினாள். ஒன்பது. கொப்பியில் இரண்டையும் எழுதினாள்.

ஒன்றரைக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ரெண்டு மணிக்கு இடி, மழை. மறுபடி ஓட்டினாள். முப்பத்தொன்று.

அன்ஸாப் லீவில் இருந்த நாள் ஒன்பது. அன்ஸாப் பள்ளிவாசலில் இருக்கும்போது ஒன்பது. அன்ஸாப் கதிரையில் இருந்தால் முப்பத்தொன்று. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அவளும் அதைத்தான் நினைத்தாள்.

நேராக ஹாஜியாரின் அறைக்குப் போனாள்.

"ஹாஜியார், அந்த லெப்டொப்பை யாரோ தொடுறாங்க."

"யாரு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா தொடுறாங்க."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேல மூணு பேர் இரிக்கிறோம். நான் தொடல்ல. நீ தொடல்ல. பேரைச் சொல்லாமலே சொல்லிப்போட்ட, புள்ள."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஸரீனா மேடம் வாரா" என்றார் அவர். "அவட கண் முன்னால ஓட்டிக் காட்டு. நானும் இரிப்பேன், அன்ஸாபும் இரிப்பான். ஒம்பதுன்னா ஒம்பது. முப்பத்தொண்ணுன்னா, நீ சொன்ன ரெண்டு சொல்லையும் நான் யோசிக்க வேண்டி வரும்."

ரெண்டு சொல். ஒன்று வேகம், மற்றது அன்ஸாப்.

திங்கட்கிழமை அவள் ஒரு பொறி வைத்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் போனைச் சாப்பாட்டுப் பெட்டியில் சாய்த்து, கமரா யன்னலோர லெப்டொப்பைப் பார்க்கும்படி வைத்து, பதிவை ஓட விட்டாள். யார் கை வந்தாலும் பிடிபடும். இடி வந்தது, மழை வந்தது. பைபையை ஓட விட்டு அவள் தன் மேசைக்குப் போனாள். பைபை முப்பத்தொன்று காட்டியது. அவள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

எல்கடுவ பஸ்ஸில் அன்றைக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் மலையேறத் தொடங்கியதும் போனை எடுத்து, பதிவை வேகமாக ஓட விட்டுப் பார்த்தாள். ரெண்டு இருபது. அன்ஸாப் வருகிறான். அவள் விரல் திரையில் நின்றது. மெதுவாக ஓட விட்டாள். அவன் லெப்டொப்புக்கு மேலே குனிகிறான். கை திரைக்குப் பின்னால் போகிறது.

அவன் யன்னலை இழுத்துச் சாத்தினான். சாரல் அடித்திருந்தது போல. சட்டைக் கையால் லெப்டொப்பின் விளிம்பைத் துடைத்தான். ஒரு எழுத்தையும் தொடாமல் போய்விட்டான்.

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. கள்ளன் அகப்படவில்லையே என்று இருந்தது. எங்கேயோ தவறவிட்டிருப்பேன் என்று பதிவை ஆரம்பத்துக்கே கொண்டுபோய், இந்தத் தரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

ஒன்று ஐம்பத்திரண்டு. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. மெல்லிய கை. மணிக்கட்டில் கோயில் கயிறும் பச்சைப் பிளாஸ்டிக் வளையலும். அந்தக் கை சுவரில் இருந்த சார்ஜர் பிளக்கைப் பிடுங்கி, கம்பியை அழகாகச் சுருட்டி, மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறது. போன மறுகணம் லெப்டொப்பின் வெளிச்சம் ஒரு படி மங்குகிறது.

பச்சை வளையல் அவள் கையில்தான் இருந்தது.

நான் ஒளிக்கவில்லை, கண்ணுகளா. பிளக்கைக் கழற்றினார்கள், பிளக்கைக் கழற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் வந்தேன். வந்து உட்காரும்போதே உன்னைத்தானே டீவி பிளக்கைக் கழற்றச் சொன்னேன்? ஒருவராவது ஏன் என்று கேட்டீர்களா? இல்லை. ஏனென்றால் நம் பக்கத்தில் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுவது ஒரு செய்கையே இல்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பது போல, கை தன்பாட்டில் போகும். அனுஷியாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். ஹாஜியாரும் இரண்டு வருடத்துக்கு முன் மின்னலுக்கு மூன்று கொம்பியூட்டரைக் கொடுத்தவர். ஃபேன் ஓடியதா என்று கொப்பியில் எழுதினார்கள்; பிளக் இருந்ததா என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கரண்ட் இல்லாமல் பேட்டரியில் நின்றால் அந்த லெப்டொப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக நடக்கும். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இன்டர்பிரட்டர்களை ஒப்பிடவே இல்லை. காலை வெயிலையும் பின்னேர இடியையும் ஒப்பிட்டிருந்தார்கள்.

பஸ் எல்கடுவயில் நின்றது. அவள் இறங்காமல் இருந்தாள். "இறங்கலையாம்மா?" என்று கொண்டக்டர் கேட்ட பிறகுதான் இறங்கினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். அன்ஸாப் கணினியைத் திறந்துகொண்டிருந்தான். அவள் போனை அவன் முன்னால் வைத்துப் பதிவைக் காட்டினாள். யன்னலைச் சாத்திய இடத்தையும் காட்டினாள், வளையல் கையையும் காட்டினாள்.

அவன் இரண்டு தரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "போனை ஏன் அங்க வச்சீங்க?"

"உங்களைப் பிடிக்கத்தான் நானா."

"ம்."

"ஹாஜியார்கிட்டயும் சொல்லிட்டேன். பேர் சொல்லலை. ஆனா சொன்ன மாதிரித்தான்."

அன்ஸாப் போனை அவள் பக்கம் தள்ளி வைத்தான். கீழே கடைக்காரர் மிளகு மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றான் கடைசியில். "வெள்ளிக்கிழமைக்குப் பொறகு ஹாஜியார் என்னோட சரியாப் பேசல்ல. என்ன செஞ்சேன்னு விளங்காம ரெண்டு நாள் சோறு எறங்கல்ல." யன்னலோர லெப்டொப்பைக் காட்டினான். "நானும் ஒங்கள நம்பல்ல தங்கச்சி. ஒம்பதுன்னு கள்ளக் கணக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் வியாழக்கிழமை வெள்ளென வந்து நானே பைபையை ஓட்டிப் பார்த்தேன்."

"எவ்வளவு?"

"ஒம்பது."

அவள் அவனையே பார்த்தாள். லெப்டொப் சுட்டது ஏன் என்று இப்போது விளங்கியது.

"அப்ப எனக்கு ஒம்பது வரும்னு உங்களுக்கு வியாழக்கிழமையே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"மூணு வருஷம் தங்கச்சி" என்றான் அவன். "ஒரே ராத்திரியில ஒருத்தி வந்து... நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இரிந்தேன். அது பிழைதான்."

பாருங்கள், அவள் சந்தேகம் முழுக்கப் பொய்யும் இல்லை. அவன் கை சுத்தம். வாய் மட்டும் மூடியிருந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கும் தெரியாது. யார் யாரை மன்னிப்பது என்று பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமும் இல்லை; ஸரீனா மேடம் ரெண்டு மணிக்கு வருகிறார், ரெண்டு மணிக்குத்தான் இடியும் வருகிறது. காலை ஒன்பது நிமிடத்தால் யாருக்கு என்ன லாபம்?

"பிளக் இல்லாம ஓட்டிப் பார்ப்போம்" என்று அன்ஸாப் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடித்தவன், ஒரு கணம் தயங்கினான். "வெயில்ல பிளக்கைக் கழட்டுறது வாழ்க்கையில இதான் மொதத் தரம். கை வரமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஒன்றரைக் கிழமைக்குப் பிறகு.

பிளக் இல்லாமல் பைபை முப்பத்தொன்று. அதாவது நல்ல வெயிலிலும் முப்பத்தொன்று. பிறகு இருவரும் லெப்டொப்பின் அமைப்புகளைத் தேடி, பேட்டரியில் நின்றாலும் முழு வேகத்தில் ஓடு என்று மாற்றி வைத்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். பத்து. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தார்கள், எட்டு வகுப்புத் தோட்டப் பள்ளிக்கூடம். அதைப் பழையவனே அரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டான். பைபை இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான். அன்ஸாபுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னாள் அனுஷியா.

எழுதும்போது அவள் பழைய பக்கங்களைத் திருப்பி, முப்பத்தொன்று என்று இருந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "இடி நேரம். பிளக்கைக் கழற்றியது நான். அனுஷியா" என்று எழுதினாள். அன்ஸாப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேனையை வாங்கி, வியாழக்கிழமைக்கு மேலே இருந்த இடுக்கில் நெருக்கி எழுதினான்: "காலை 8.40. பைபை. 9 நிமிடம். மறைத்தது நான். அன்ஸாப்."

பகலுக்குள் அவள் ஹாஜியாரின் அறைக்குப் போனாள். "நான் சொன்ன ரெண்டாவது சொல்லு பிழைங்க" என்றாள். கொப்பியை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அன்ஸாபின் நெருக்கி எழுதிய வரியில் விரலை வைத்து நிறுத்தினார், பிறகு விரலை எடுத்தார். யாரையும் கூப்பிடவில்லை.

ரெண்டு பத்துக்கு ஸரீனா மேடம் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து பிரின்ஸிபல், வந்து உட்காரும் முன்பே பஸ் நேரம் கேட்கிறவர். "நாலு மணி பஸ்ஸை விட்டா எனக்கு இங்கதான் படுக்கை போடணும்" என்றார். ஹாஜியார் கீழே தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.

அனுஷியா பைபையை ஓட விட்டாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, மலைப் பக்கம் வானம் உறுமியது. ஹாஜியார் பேசிக்கொண்டே எழுந்து, யன்னலோரம் போய், தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அனுஷியாவைப் பார்த்தார். அன்ஸாப், "இரிக்கட்டும் ஹாஜியார், ஓடும்" என்றான்.

ஓடியது. கறுத்த பின்னேரத்தில், பேட்டரியில், மழைச் சத்தத்துக்குள் ஓடியது. தேத்தண்ணி வந்தது. ஸரீனா மேடம் ஊதி ஊதிக் குடித்துக் கோப்பையை வைக்கும்போது பிரின்டர் பிளக்கும் இல்லாததால் திரையிலேயே நேரசூசியைக் காட்டினார்கள். பத்து நிமிடம், ஐந்து விநாடி.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனா மெத்ஸ் ஸேர் மூணு நாள் மட்டும்தானே வாரார்."

"சொல்லவே இல்லையே மேடம்" என்றான் அன்ஸாப்.

"கேக்கவே இல்லையே தம்பி."

இன்னுமொரு பத்து நிமிடம். இன்னுமொரு கோப்பை. மழை விட்டதும் பிரின்டர் பிளக்கை மாட்டி, தாளைக் கையில் கொடுத்து, மூன்றேகாலுக்கு அவரைப் படியிறக்கி அனுப்பினார்கள். போகும்போது அவர் சொன்னது: "இனி இங்க வந்தா ஆறுதலா ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட விட மாட்டீங்க போல."

ஹாஜியார் தன் அறையிலிருந்து ஒரு கடித உறையோடு வந்தார். அதை அனுஷியாவின் மேசையில் வைத்தார். திறக்க அவளுக்குக் கை வரவில்லை. நிரந்தர லெட்டர்தான்; கையொப்பம் இட்ட தேதி வெள்ளிக்கிழமை என்று பிறகுதான் பார்த்தாள். அவள் குற்றம் சொன்ன அதே வெள்ளிக்கிழமை. ஏன் என்று கேட்க அவளுக்குத் துணிவு இல்லை; பள்ளிவாசலுக்குப் போன நேரம் அவள் கொப்பியில் எழுதிய ரெண்டு ஒன்பதையும் அவர் அன்றைக்கே நம்பியிருந்தார் போல.

"கொப்பியில இன்னுமொரு கோடு போடுங்க" என்றார். "பிளக் இரிந்திச்சா இல்லையான்னு. அப்புறம், ஒருத்தர் ஓட்டினதுக்கு மத்தவர் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும்."

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் ஓட்டினால் அவன் பார்த்துக் கையெழுத்திடுகிறான், அவன் ஓட்டினால் அவள். ஒருவரை ஒருவர் முழுக்க நம்பிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் இருவரும் குனிந்து சுவரை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார்கள், அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. மழை விட்டுவிட்டது, போய் உங்கள் பிளக்குகளை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே இடி வெறும் சத்தமாக மட்டும் கடந்து போகட்டும். உங்கள் அடுப்பில் எப்போதும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கூடுதலாக இருக்கட்டும். உங்கள் வாசலுக்குள் சந்தேகம் வந்தால், அது உட்காரும் முன்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிவிடுகிற மனசு உங்கள் எல்லோருக்கும் இருக்கட்டும். பெரியவரும் சின்னவரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருங்க.